முதலிற் படி, பின்னரே திருத்தம்

கெட்டுப்போன ஒரு பொருளைச் சீராக்குவதைத் தமிழிலே இரண்டு சொற்களாற் குறிக்கிறோம். ஒன்று பழுதுபார்த்தல், மற்றையது திருத்துதல். ஈழத்துப் பேச்சுவழக்கிலே பின்னதே பெருவழக்கு. சைக்கிள் திருத்தும் கடை, வானொலி திருத்தும் கடை, மணிக்கூடு திருத்தும் கடை என்றே நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். இவ்விரு சொற்களும் ஒரே வேலையைக் குறிப்பனபோலத் தோன்றினும், சற்று ஊன்றி நோக்குமிடத்து அவை ஒரு வேலையின் இருவேறு கட்டங்கள் என்பது புலனாகும். பழுதுபார்த்தல் என்பது பழுதைப் பார்த்தல். அது எங்குள்ளது, எத்தகையது, எவ்வளவினது என்று கண்டறிதல். திருத்துதல் அதன் பின்னர் வருவது. முன்னதைச் செய்யாது பின்னதிலே இறங்குவோர் நல்லெண்ணத்தோடேயே பெருங்கேட்டினை விளைவித்துவிடுதல் கூடும். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது எங்கள் வீட்டுக் கணனியின் வன்தட்டு.

கலைப்பீடத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் ஒருத்தி வன்தட்டினைப் பற்றி எழுத முற்படுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். அது விஞ்ஞான பீடத்தாருக்கும் பொறியியற் பீடத்தாருக்கும் உரிய விடயமல்லவா என்று அவர்கள் வினவக்கூடும். ஆயின், இன்று நம்முடைய கடிதமும் கட்டுரையும், காணி உறுதியின் பிரதியும், இறந்தோரின் குரலும் அந்தச் சிறிய உலோகப் பெட்டிக்குள்ளேதான் இருக்கின்றன. ஏட்டுச்சுவடி எவ்வாறு அழிகிறது என்பதை அறியாதவர் ஏட்டுச்சுவடியைக் காக்க முடியாது. வன்தட்டுக்கும் அது பொருந்தும்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்திலே உள்ளது. என் அம்மப்பா அவ்வூரின் அண்ணாவியாராக நீண்டகாலம் இருந்தவர். வடமோடிக் கூத்துக்களைப் பழக்கி, வட்டக் களரியிலே மத்தளத்தோடு நின்று விடியவிடிய ஆட்டுவித்தவர். 1960களிலே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் இக்கூத்து மரபைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்த வரலாற்றை நாம் பாடமாகப் படிக்கிறோம். அம்மப்பா அந்த மேடையைக் கண்டவரல்லர். அவரிடம் இருந்தது 'பதினெட்டாம் போர்' கூத்தின் கொப்பி ஒன்று. தம் குருவிடமிருந்து பெற்றதைத் தம் கையாலே எழுதி, ஆட்டத்துக்கு ஆட்டம் சேர்த்தும் நீக்கியும் வைத்திருந்தார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை அக்கொப்பியையும் அது வைக்கப்பட்டிருந்த தகரப் பெட்டியையும் கொண்டுபோயிற்று.

பின்னர் அவர் அதனை மீண்டும் எழுதவில்லை. கை நடுங்கத் தொடங்கியிருந்தது. ஆனாற் பாட்டு அவர் நெஞ்சிலே இருந்தது. 2013ஆம், 2014ஆம் ஆண்டுகளில் என் அண்ணன் ஒலிப்பதிவுக் கருவியொன்றை இரவல் பெற்று, மாலை வேளைகளிலே திண்ணையில் அவரை இருத்தி, வரவு விருத்தம் முதல் வாழி வரை பாடச்செய்து பதிவு செய்தான். 21 பதிவுகள்; ஏறத்தாழப் பத்தரை மணிநேரம். அவை வீட்டுக் கணனியிலே சேமிக்கப்பட்டன. இறுவட்டு ஒன்றிலும் எழுதி வைக்கப்பட்டன. அம்மப்பா 2017இற் காலமானார். கடற்கரைக் காற்றின் ஈரத்திலே அந்த இறுவட்டின் மேற்பூச்சு புள்ளி புள்ளியாக உரிந்து, 2020 அளவில் எந்தக் கருவியும் அதனை ஏற்க மறுத்துவிட்டது. எஞ்சியிருந்தது கணனியின் வன்தட்டு ஒன்றே.

வன்தட்டு இயங்கும் விதத்தை இவ்விடத்திற் சுருக்கமாக நோக்குதல் பொருத்தமாகும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்தட்டுக் கருவி 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்களைக் கொண்டிருந்தது. ஐம்பது இலட்சம் எழுத்துக்களையே அது தாங்கியது. இன்று நம் மேசைக் கணனியிலுள்ள மூன்றரை அங்குலப் பெட்டி அதனினும் இலட்சம் மடங்கு கொள்ளும். தத்துவம் மட்டும் மாறவில்லை. காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு செக்கனுக்கு 120 சுற்று. அதன்மேல் ஒரு சிறு தலை, தட்டினைத் தொடாமல், காற்றின் மெல்லிய படலத்தின்மீது மிதந்தபடி எழுதவும் வாசிக்கவும் செய்கிறது. அந்த இடைவெளி சில நனோமீற்றர் மாத்திரமே. ஒரு தூசித் துகளும் அதன் முன்னே மலைபோன்றது.

தட்டின்மேல் உள்ள தகவல் 'செக்டர்' எனப்படும் சிறு கூறுகளாக வகுக்கப்பட்டுள்ளது. முன்னர் ஒரு கூறு 512 பைற்றாக இருந்தது; 2010ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து 4096 பைற்றாயிற்று. ஒவ்வொரு கூறின் இறுதியிலும், உள்ளடக்கம் சரியாக வாசிக்கப்பட்டதா என்று சோதிப்பதற்கும், சிறு வழுக்களைத் தானே சரிசெய்வதற்குமான குறியீடு எழுதப்பட்டிருக்கும். அக்குறியீட்டாலும் சரிசெய்ய இயலாவிடின் தட்டு அதே கூறினை மீண்டும் மீண்டும் வாசிக்க முயலும். கணனி திடீரென்று உறைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். தலை ஒரே இடத்திலே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருக்கிறது.

எங்கள் கணனிக்கு 2022ஆம் ஆண்டு பொல்லாத ஆண்டாக அமைந்தது. நாட்டுக்கும் அவ்வாறே. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. மின்சாரம் அறும்போது வன்தட்டின் தலை தட்டின்மேல் விழுந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சுழலும் தட்டின் எஞ்சிய விசையைக் கொண்டே தலையைப் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுக்கும் ஏற்பாடு இக்காலத் தட்டுக்களில் உண்டு. ஆனால் எழுதிக்கொண்டிருந்த கூறு அரைகுறையாக நின்றுவிடலாம். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கூறும் அட்டவணை முன்னுக்குப்பின் முரணாகிவிடலாம். அத்துடன் எங்கள் தட்டு பத்தாண்டு கடந்த முதிய தட்டு. முதுமை, உப்புக்காற்று, மின்தடை ஆகிய மூன்றும் ஒருங்கே அதனைத் தாக்கின எனலாம்.

2023 டிசம்பர் மாத மழைக்காலத்திலே நோய்க்குறிகள் தெளிவாயின. கணனி தொடங்குவதற்கு இருபது நிமிடம் பிடித்தது. நீலத்திரை இருமுறை தோன்றிற்று. அம்மப்பாவின் பதினான்காம் பதிவைத் திறந்தபோது, குறிப்பிட்ட ஓரிடம் வந்ததும் பாட்டு நின்று கணனி முழுவதும் உறைந்தது. அடுத்த முறை தொடக்கியபோது, தட்டினைச் சோதித்துத் திருத்தப்போவதாகவும், வேண்டாமெனில் ஏதேனுமொரு விசையை அழுத்துமாறும் திரையிலே அறிவித்தல் வந்தது. "அது தானாச் சரிப்படுத்தும், விடு" என்றான் அண்ணன். நான் விசையை அழுத்தி நிறுத்தினேன். அப்போது எனக்கிருந்தது தெளிவான அறிவன்று. 'திருத்தம்' என்ற சொல்லின்மீது பதிப்பு வரலாறு படித்த மாணவிக்கு இயல்பாக எழும் ஓர் ஐயம் மாத்திரமே.

அந்த ஐயம் பொருளுள்ளது என்பதைப் பின்னர் அறிந்தேன். வின்டோஸ் முறைமையிலுள்ள 'செக் டிஸ்க்' என்னும் செய்நிரல் பயனுள்ளது. அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. மின்தடையாற் குழம்பிய அட்டவணையை அது ஒழுங்குபடுத்தும். ஆனால் அது காப்பது தட்டின் ஒழுங்கை, நம்முடைய உள்ளடக்கத்தையன்று. ஒரே இடத்துக்கு இரு கோப்புக்கள் உரிமை கோரினால் அது தன் விதிப்படி தீர்ப்பளிக்கும். தாய்தந்தை அறியாத துண்டுகளை எண்ணிட்ட பெயர்களோடு ஒரு மூலையிற் போட்டுவிடும். வாசிக்க முடியாத பகுதியைக் கெட்டது என்று குறித்து ஒதுக்கிவிட்டு, கோப்பு சீராயிற்று என்று அறிவிக்கும். தட்டு நலமாயிருந்து அட்டவணை மட்டும் குழம்பியிருக்கும்போது இவையனைத்தும் நன்மையே. தட்டே நோயுற்றிருக்கும்போது, அதன் மேற்பரப்பு முழுவதையும் வாசிக்கச்செய்து, அதிலேயே மீண்டும் எழுதவும் செய்வது, மூச்சுத் திணறும் முதியவரை மலையேற்றுவதற்கு ஒப்பாகும்.

நகரத்திலுள்ள ஒரு திருத்துமிடத்துக்குப் பெட்டியைக் கொண்டுசென்றோம். அங்கிருந்த இளைஞர் பண்பாகவே பேசினார். "ஃபோமற் பண்ணி வின்டோஸ் போட்டுத் தாறன், பின்னேரம் வாங்கோ" என்றார். அவர் தொழிலுக்கு அது நேர்மையான விடை. அவரிடம் வருவோரிற் பெரும்பாலோர்க்கு வேண்டியது ஓடுகின்ற கணனி. எங்களுக்கு வேண்டியிருந்தது அதற்குள்ளே இருந்த குரல். வின்டோசின் அண்மைக்காலப் பதிப்புக்களிலே முழுமையான 'ஃபோமற்' என்பது தட்டு முழுவதிலும் பூச்சியத்தை எழுதுவதாகும். சுவர் நன்றாயிருக்கும், சித்திரம் இராது. நாங்கள் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

விஞ்ஞான பீடத்திலே பயிலும் என் விடுதித் தோழியிடம் இதனைக் கூறியபோது அவள் சொன்ன முதல் வாக்கியம், "முதல்ல கொப்பி, பிறகுதான் திருத்தம்" என்பது. அவள் 'கொப்பி' என்றது தட்டின் பிரதியை. என் செவியில் விழுந்ததோ கடல் கொண்டுபோன கூத்துக்கொப்பி. ஒரே சொல் இரண்டையும் குறிக்கும் நம் வழக்கின் பொருத்தத்தை அன்றுதான் உணர்ந்தேன்.

அவள் எனக்குக் கற்பித்த பழுதுபார்க்கும் முறை வருமாறு. வன்தட்டு வழு என்று நாம் பொதுவாகச் சொல்வது மூவகைப்படும். முதலாவது, அட்டவணைக் குழப்பம். தட்டும் தலையும் நலமாயிருக்கும், ஒழுங்கு மட்டும் கெட்டிருக்கும். இரண்டாவது, இணைப்புக் கோளாறு. தட்டையும் கணனியின் தாய்ப்பலகையையும் இணைக்கும் கம்பி தளர்ந்தோ அதன் முனை துருவேறியோ இருக்கும். மூன்றாவது, தட்டின் மேற்பரப்போ தலையோ கெடுதல். மூன்றும் வெளியே ஒரேவிதமாகத் தோன்றும். கணனி மெதுவாகும், உறையும், தொடங்க மறுக்கும். ஆயின் மருந்து வெவ்வேறு. முதலாவதற்குச் செய்நிரல் போதும். இரண்டாவதற்குச் சில நூறு ரூபாக் கம்பி போதும். மூன்றாவதற்கு மருந்து இல்லை. தப்பிப்போதல் ஒன்றே வழி.

இவற்றை வேறுபடுத்தி அறிவதற்குத் தட்டே ஒரு நாட்குறிப்பை வைத்திருக்கிறது. 'ஸ்மார்ட்' என வழங்கும் அத்தற்கண்காணிப்பு ஏட்டிலே பல எண்கள் உள. அவற்றுள் மூன்று முக்கியமானவை. ஐந்தாம் எண், கெட்ட கூறுகளுக்குப் பதிலாக ஒதுக்கிடத்திலிருந்து எத்தனை கூறுகள் மாற்றீடு செய்யப்பட்டன என்பதைக் கூறும். 197ஆம் எண், வாசிக்க முடியாது தீர்ப்புக்குக் காத்திருக்கும் கூறுகளைக் கூறும். 199ஆம் எண், கம்பி வழியே தகவல் கடத்தப்படும்போது நேர்ந்த வழுக்களைக் கூறும். இவற்றைக் காட்டும் செய்நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எங்கள் தட்டிலே 199ஆம் எண் மூன்று என்று இருந்தது. கம்பியை மாற்றியபின் அது கூடவில்லை. ஆனாற் பழுது நீங்கவுமில்லை. 197ஆம் எண் முதல்நாள் 40, மறுநாள் 56. ஒரு நாளிலே பதினாறு கூறுகள் புதிதாகப் படுத்துவிட்டன. பழுது மூன்றாம் வகையினது என்பது தெளிவாயிற்று. தட்டு இறந்துகொண்டிருந்தது.

காத்திருக்கும் அக்கூறுகளின் இயல்பு மனங்கொள்ளத்தக்கது. அவற்றிலே புதிதாக எதையேனும் எழுதும் வரைக்கும் தட்டு தன் தீர்ப்பினை ஒத்திவைக்கும். எழுதியவுடன் அவ்விடத்தைச் சோதித்து, நன்றெனின் வைத்துக்கொள்ளும். தீதெனின் ஒதுக்கிடத்திலிருந்து வேறொரு கூறினை மாற்றாக இடும். இருவழியிலும் பழைய உள்ளடக்கம் போய்விடும். எண்கள் பூச்சியமாகும், எச்சரிக்கை மறையும், தட்டு குணமடைந்ததுபோலத் தோன்றும். 'திருத்திவிட்டோம்' என்று பலர் மகிழ்வது அந்தத் தருணத்திலேதான்.

இதற்கிடையில் அயலவர் பலர் பலவிதமான வைத்தியம் கூறினர். தட்டினைக் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரவு வைத்தால் உயிர்பெறும் என்றார் ஒருவர். நம் கரையோர ஈரப்பதனிலே, குளிர்ந்த தட்டினை வெளியே எடுத்தவுடன் நீர்த்துளி படியும். சில நனோமீற்றர் இடைவெளியிலே நீர்த்துளி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்து தலையை விரலால் தள்ளிவிடலாம் என்றார் இன்னொருவர். அது தூசியகற்றிய சிறப்பு அறையிலே தேர்ந்தோர் செய்யும் வேலை. எங்கள் தட்டிலிருந்து 'டிக், டிக்' என்ற ஒலி எழுந்திருப்பின், நாங்கள் எதுவும் செய்யாது மின்சாரத்தை நிறுத்தி அத்தகையோரிடமே கொடுத்திருக்க வேண்டும். நல்லகாலமாக அவ்வொலி எழவில்லை.

நான்கு மாத மகாபொலப் பணத்தைச் சேர்த்துப் புதிய தட்டொன்று வாங்கினோம். ரூபாவின் பெறுமதி 2022இல் வீழ்ந்தபின் கணனிப் பொருள்களின் விலை முன்னைய நிலைக்கு இறங்கவேயில்லை. தோழியின் கணனியிலே, லினக்ஸ் முறைமையை விரலளவு நினைவுக்கோலிலிருந்து இயக்கி, நோயுற்ற தட்டினை அதில் எதுவும் எழுதப்படாதவாறு இணைத்தோம். மின்விசிறியை அதன்மேல் வீசச் செய்தோம். மின்சாரம் அறுந்தாலும் நிற்காதவாறு மின்கலப் பெட்டியொன்றை இரவல் வாங்கினோம். பின்னர் 'டிடி-ரெஸ்கியூ' என்னும் இலவசச் செய்நிரலை ஓடவிட்டோம்.

இச்செய்நிரலின் போக்கு, அனுபவமிக்க ஏடுபெயர்ப்போர் ஒருவரின் போக்கினை ஒத்தது. தடையின்றி வாசிக்கக்கூடியதை அது முதலிற் பெயர்த்தெழுதும். கடினமான இடம் வந்தால் அங்கே போராடாது, குறித்துக்கொண்டு தாண்டிச் செல்லும். தட்டின் பெரும்பகுதி பத்திரமானபின், விட்ட இடங்களுக்கு மீண்டு வந்து, அவற்றின் ஓரங்களிலிருந்து சிறிது சிறிதாக உள்ளே செல்லும். முன்னிருந்து வாசித்துக் கிட்டாததைப் பின்னிருந்து வாசித்துப் பார்க்கவும் அதற்குக் கட்டளையிடலாம். எது பெயர்க்கப்பட்டது, எது எஞ்சியது என்பதை ஒரு வரைபடக் கோப்பிலே இடையறாது எழுதிக்கொண்டே போகும். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எல்லாவற்றினும் மேலாக, கிட்டாத இடத்தை அது ஊகித்து நிரப்புவதில்லை. வெறுமையை வெறுமையாகவே விட்டு, இங்கே இத்தனை பைற்று கிடைக்கவில்லை என்று பதிவு செய்கிறது.

நலமான தட்டாயின் 500 கிகாபைற்றைப் பெயர்க்க இரண்டு மணிநேரமளவே வேண்டும். எங்களுக்கு முதற்சுற்றே ஒரு பகலை விழுங்கிற்று. எஞ்சிய சிறு துணுக்குகளுக்கு இரண்டு இரவுகள் சென்றன. நாங்கள் முறைவைத்து விழித்திருந்து, திரையிலே எஞ்சிய அளவு குறைந்துவருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் 288 கிலோபைற்று என்ற அளவிலே அது நின்றது. அதன்பின் பல மணிநேரமாக அசையவில்லை. தோழி மின்சாரத்தை நிறுத்தினாள். 500 கிகாபைற்றிலே 72 கூறுகள் மட்டும் கிட்டவில்லை.

அதன் பின்னரும் நாங்கள் உடனே திருத்தத்தில் இறங்கவில்லை. அப்பிரதிக்கு இன்னொரு பிரதி எடுத்து, அந்த இரண்டாவதன்மீதே 'செக் டிஸ்க்'கை இயக்கினோம். இப்போது அது தன் வேலையைச் செவ்வனே செய்தது. கோப்புறைகள் திறந்தன. 21 பதிவுகளும் பெயரோடு இருந்தன. கிட்டாத 72 கூறுகளில் எட்டு, முறைமைக்குரிய ஏதோவொரு கோப்பிலே விழுந்திருந்தன. அவற்றால் எமக்கு இழப்பில்லை. பதினாறு, ஆறாம் பதிவில். நாற்பத்தெட்டு, பதினான்காம் பதிவில். கணக்கு எளியது. ஒரு கூறு 4096 பைற்று. அப்பதிவுகளிலே ஒரு செக்கன் ஒலிக்கு 16,000 பைற்று. ஆகவே ஆறாம் பதிவில் நான்கு செக்கன், பதினான்காம் பதிவில் பன்னிரண்டு செக்கன். பத்தரை மணிநேரத்திலே பதினாறு செக்கன்கள் போயின.

பெரும்பேறு என்றே எல்லோரும் கூறினர். எனக்கும் அவ்வாறே தோன்றிற்று, பதினான்காம் பதிவைக் கேட்கும் வரைக்கும். ஆறாம் பதிவிலே போனது இருமலும் மத்தளம் நிறுத்திய இடைவேளையுமே. பதினான்காம் பதிவிலோ, ஒரு தருவின் நடுவிலே அம்மப்பாவின் குரல் அறுந்து, பன்னிரண்டு செக்கன் மௌனத்தின்பின், வேறொரு அடியின் இறுதிச் சொல்லோடு தொடர்ந்தது. அந்த இடம் அவர் தம் குருவின் பாடத்திலிருந்து மாறித் தாமே அமைத்துக்கொண்ட அடிகள் என்று பதிவின் தொடக்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

அவரிடம் கூத்துப் பழகிய மாமா வந்து கேட்டார். கண்கலங்கினார். பின்னர், "அந்த இடம் எனக்குத் தெரியும் மகள். நான் பாடித் தாறன், அதுக்குள்ள வெச்சு ஒட்டிவிடு, ஆருக்கும் விளங்காது" என்றார். அவர் பாடியும் காட்டினார். ஓசை பொருந்திற்று. பொருளும் பொருந்திற்று. அண்ணனுக்கு அது பிடித்திருந்தது. முழுமையாகக் கேட்க வேண்டுமென்பது அம்மாவின் விருப்பம். நான் மட்டுமே உடன்படவில்லை.

ஏன் உடன்படவில்லை என்பதை அவர்களுக்கு விளக்குவது எளிதாயிருக்கவில்லை. நான் புறநானூற்றை எடுத்துக் காட்டினேன். 1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த அந்நூலிலே 267ஆம், 268ஆம் பாட்டுக்கள் இல்லை. வேறு பல பாட்டுக்களில் அடிகள் சிதைந்துள்ளன. பதிப்புக்களிலே அவ்விடங்களிற் புள்ளிகளே நிற்கின்றன. தமிழ்ப் புலமையிற் சிறந்த அவருக்கு இரண்டு ஆசிரியப்பாக்களை எழுதிச் சேர்ப்பது கடினமாயிருந்திருக்குமா? இராது. எழுதியிருப்பின் இன்று நம்மிடம் நிறைவான நானூறு இருந்திருக்கும். ஆனால் எது பழையது, எது புதியது என்ற ஐயம் நூல் முழுவதையும் பற்றியிருக்கும். அந்தப் புள்ளிகளே மற்றைய அடிகளுக்குச் சான்று பகர்கின்றன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் (1885) கலித்தொகையையும் (1887) பதிப்பித்த காலத்திலே, ஏடுகள் தொடும்போதே உதிரும் நிலையில் இருந்தன. அவரும் அவர்போன்றோரும் முதலிற் செய்தது பெயர்த்தெழுதுதல், பின்னர் ஒப்புநோக்குதல், இறுதியிலேயே திருத்தம். இவ்வொழுங்கு மாறிய இடங்களிலெல்லாம் பாடம் கெட்டது என்பதைப் பதிப்பு வரலாறு நமக்குக் காட்டுகிறது.

"அப்ப என்ர பாட்டு பொய்யோ?" என்று மாமா கேட்டார். அக்கேள்வி என்னைச் சுட்டது. அவர் பாட்டு பொய்யன்று. அது அவர் பயின்ற பாடம்; அம்மப்பாவின் வாயிலிருந்தே அவர் செவிக்கு வந்தது. கூத்து என்பது ஏட்டில் உறைந்த நூலன்று. அண்ணாவியாருக்கு அண்ணாவியார் மாறி வளர்வது. அவ்வாறாயின் நூற்பதிப்பின் விதியை வாய்மொழிக் கலைமீது சுமத்த எனக்கென்ன உரிமை என்ற வினாவும் எழுந்தது. இவ்வினாவுக்கு முழுமையான விடை என்னிடம் இன்றும் இல்லை. நாங்கள் இறுதியிற் செய்தது இதுதான்: அம்மப்பாவின் பதிவை மௌனத்தோடு அவ்வாறே வைத்தோம். மாமாவைத் தனியாக இருத்தி, அத்தருவை முழுமையாகப் பாடச்செய்து, இன்னார் பாடியது, இன்ன நாளிற் பாடியது என்ற குறிப்போடு அதன் அருகே வைத்தோம். ஒன்று பாடம், மற்றையது பாடவேறுபாடு. ஆடுவோர் விரும்பியதை எடுத்துக்கொள்ளட்டும். பாடி முடித்தபின், அம்மப்பா அவ்வடிகளை ஏன் மாற்றினார் என்ற கதையையும் மாமா சொன்னார். ஒட்டிவிட்டிருந்தால் அக்கதை பதிவாகியிராது.

கூத்து மரபினர் இவ்விடயத்திலே நம்மினும் முன்னே சென்றிருந்தனர் என்பதையும் இங்கு கூறல் வேண்டும். கூத்துப் பழகத் தொடங்கும்போது 'சட்டம் கொடுத்தல்' என்றொரு நிகழ்வுண்டு. அண்ணாவியாரின் கொப்பியிலிருந்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய பகுதி தனித்தனியே எழுதப்பட்டு, அதனை ஆடுவோர் கையிற் கொடுக்கப்படும். அருச்சுனனின் சட்டம் ஒரு வீட்டில், துரியோதனனின் சட்டம் இன்னொரு வீட்டில். முழுக்கொப்பி போனாலும் ஊரெங்கும் அதன் துண்டுகள் வாழும். ஆழிப்பேரலை கொப்பியைக் கொண்டுபோனபோது அதே கரையிலிருந்த பல வீடுகளையும் கொண்டுபோனமையாலேயே எங்கள் ஊரில் அதுவும் உதவவில்லை. படிகள் பல இருந்தால் மட்டும் போதாது. அவை ஒரே அலைக்கும் ஒரே தீக்கும் எட்டாத இடங்களில் இருத்தல் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே 97,000 அளவான நூல்கள் எரிந்தபோது நாம் இழந்தவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் இருந்தன என்பதை இத்தோடு சேர்த்து நினைத்தல் தகும்.

இப்போது அந்த 21 பதிவுகளும் மாமாவின் பாட்டும் ஐந்து இடங்களில் உள்ளன. ஒன்று எங்கள் வீட்டில். ஒன்று கடலிலிருந்து தொலைவிலுள்ள படுவான்கரையில் ஒரு கூத்தர் வீட்டில். ஒன்று கண்டியிலே அண்ணனிடம். ஒன்று என் விடுதி அறையில். ஒன்று தோழியின் வீட்டில். எல்லாம் சேர்ந்தும் விரல்நகமளவு நினைவட்டையில் ஒரு மூலைக்குக் காணாது. ஆறு மாதத்துக்கொருமுறை ஒவ்வொருவரும் தம்மிடமுள்ளதைத் திறந்து கேட்பதென்று ஒப்பந்தம். கேளாத படி இருந்தும் இல்லாததே என்பதை அந்த இறுவட்டு எங்களுக்குக் கற்பித்திருந்தது.

நம்முள் ஒவ்வொருவர் வீட்டிலும் இன்று ஒரு கணனியோ கைத்தொலைபேசியோ உண்டு. அதனுள்ளே இனி ஒருபோதும் திரும்பப் பெறமுடியாத ஏதோவொன்று இருக்கிறது. அது கெடும், ஐயமில்லை. கெடுமுன் படியெடுத்தல் எல்லோர்க்கும் இயலும். கெட்டபின்னர், திருத்துவதற்குக் கை விரையும்போது, சற்றே அக்கையைத் தடுத்துப் பழுதைப் பார்த்தல் வேண்டும். கிடைப்பதை முதலிற் பெயர்த்தல் வேண்டும். கிடையாததைக் கிடைக்கவில்லை என்று எழுதிவைத்தல் வேண்டும். எங்கள் பதினான்காம் பதிவைக் கேட்போர் அந்தப் பன்னிரண்டு செக்கனில் ஒலிப்பெருக்கி கெட்டுவிட்டதோ என்று எண்ணிப் பொத்தானைத் திருகுகின்றனர். அடுத்த சித்திரையிலே அக்கூத்தினை ஊரில் மீண்டும் பழக்கவிருக்கிறார்கள். அந்த இடத்தில் மாமாவின் அடிகளைப் பாடுவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். சட்டத்திலே அவ்வடிகளுக்கு நேரே ஒரு புள்ளி இடும்படி மட்டும் நான் கேட்டிருக்கிறேன்.